பல்கலைக்கழக உரையை எங்கே வைப்பது? வளாகமா, வெள்ளவத்தையா, இணையவழியா?

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமோ துறைசார் மாணவர் மன்றமோ வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பொது உரை வைப்பதென்று முடிவெடுத்தால், முதற் கூட்டத்திலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். வளாகத்துக்குள்ளேயே வைப்போம் என்பார் ஒருவர். வெள்ளவத்தையில் வைத்தால்தான் சனம் வரும் என்பார் அடுத்தவர். இந்தக் காலத்தில் மண்டபம் எதற்கு, சூம் போதும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவை ஒரே கூட்டத்தைச் சேர்ப்பதற்கான மூன்று வழிகள் அல்ல. மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள்தான் வருவார்கள். இடத்தை முடிவுசெய்துவிட்டுப் பிறகு சபையைத் தேடப் போவதுதான் இந்தக் காரியத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆகவே முதற் கூட்டத்தில் மண்டபத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இந்த உரையைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இருபது பேரை ஒரு தாளில் எழுதுங்கள். பெயராகவே எழுதுங்கள், 'மாணவர்கள்', 'ஆர்வலர்கள்' என்று எழுதிவிட்டுத் தப்பக் கூடாது. பிறகு ஒவ்வொருவரும் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு எங்கே இருப்பார், சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எங்கே இருப்பார் என்று பக்கத்தில் குறியுங்கள். பாதி முடிவு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

வளாகத்துக்குள் வைத்தால்

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்திலும் சட்ட பீடத்திலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கற்பிக்கிறார்கள். தமிழ்மொழி மூல மாணவர் வார நாட்களில் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை வெளியே கூட்டிப்போவதைவிடப் பேச்சாளரை உள்ளே கொண்டுவருவது எவ்வளவோ இலேசு. வளாகத்தின் பலமே இதுதான்: சபையைத் திரட்டத் தேவையில்லை, இரண்டு விரிவுரைகளுக்கு நடுவே உரையைச் செருகினால் போதும்.

அதற்கு நேரம் சரியாக இருக்க வேண்டும். புதன் அல்லது வியாழன், பிற்பகல் 2 மணி தொடக்கம் 4 மணி வரை என்பதே எங்கள் தெரிவு. திங்கட்கிழமை வெளியூர் மாணவர் பலர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை. தமிழ்மொழி மூல வகுப்புகளில் முஸ்லிம் மாணவர் கணிசமாக இருக்கையில், அந்த நாளின் பிற்பகலைத் தெரிவது அவர்களை வர வேண்டாம் என்பதற்குச் சமம். பிற்பகலில் விடுமுறையும் தொடங்கிவிடும். மாலை 5 மணிக்குப் போட்டால், வத்தளைக்கும் அவிசாவளைக்கும் போக வேண்டியவர்கள் கேள்வி நேரத்துக்கு முன்னரே பையைத் தூக்கிக்கொண்டு எழும்புவார்கள். 4.15க்குப் பிறகு மண்டபம் திறந்திருக்க வேண்டுமென்றால் ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவும் பெரும்பாலும் கேட்கப்படும். அதை வரவு செலவுத் திட்டத்தில் எழுத மறப்பவர்கள் பலர்.

அனுமதிக் கடிதத்துக்கு நான்கு தொடக்கம் ஆறு வாரம் ஒதுக்குங்கள். சங்கத் தலைவரின் கடிதம், பெரும்பொருளாளரின் பரிந்துரை, பீடாதிபதியின் கையொப்பம், பதிவாளர் அலுவலகம் என்று அது ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கும். கடிதத்தோடு பேச்சாளரின் ஒரு பக்கத் தன்விவரம், தலைப்பு, நிமிடக் கணக்கோடு நிகழ்ச்சி நிரல், செலவுத் திட்டம் ஆகியவற்றையும் முதல் நாளே இணைத்துவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி குறையும். வெளிநாட்டுப் பேச்சாளர் என்றால் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். பின்னால் தெரியவந்தால் கோப்பு முதல் மேசைக்கே திரும்பும்.

கையொப்பம் கிடைத்துவிட்டது என்பதற்காக மண்டபம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அனுமதிக் கடிதம் அலுவலகத்தில் இருக்கும். திறப்பு இன்னொருவரிடம் இருக்கும். ஒலிவாங்கிப் பெட்டி மூன்றாமவர் கையில். முதல் நாள் பிற்பகல் மூவரையும் நேரில் கண்டு, கடிதத்தின் பிரதியை ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். வெளியாட்கள் வருவதென்றால் பெயர்ப் பட்டியலை வாயிலில் உள்ள பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழிலேயே ஒரு வரி போடுங்கள். எழுபது வயதுப் பேராசிரியர் ஒருவர் வாயிலில் இருபது நிமிடம் நிற்க நேர்ந்தால் அந்த உரை தொடங்குமுன்னரே கெட்டுப்போகிறது.

மண்டபத்தின் அளவில்தான் ஆசை கண்ணை மறைக்கும். நானூறு கதிரை உள்ள அரங்கம் கிடைக்கும்போது எண்பது பேர் கொள்ளும் விரிவுரை மண்டபத்தை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும்; வெறும் கதிரையும் சுவரும் அதைத் திருப்பி அனுப்பும். நானூறு பேர் அரங்கில் எண்பது பேர் சிதறி இருந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால் அந்த மங்கல் நேரே பொருளையே தின்றுவிடும்: 'என்றார்' என்பதா 'என்றாரா' என்பதா என்று பின்வரிசைக்குத் தெரியாது. பெரிய அரங்கம்தான் கிடைத்தது என்றால் பின் பாதி வரிசைகளைக் கயிறு கட்டி மறியுங்கள். வந்தவர்களை முன்னுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைப்பதைவிட அது மேல்.

வளாகத்தின் பெரிய ஆபத்து நாட்காட்டியில் இருக்கிறது. பரீட்சை ஒத்திவைப்பு, படிப்பு விடுமுறை, வேலைநிறுத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் மண்டபம் பூட்டப்படும். 2024 மே மாதம் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. அந்தக் காலத்துக்கு விமானச் சீட்டு எடுத்த விருந்தினரை நினைத்துப் பாருங்கள். வளாகத்தைத் தெரிந்தால் மாற்று இடம் ஒன்றைப் பேசி வைத்திருப்பது கட்டாயம்.

வெள்ளவத்தையில் வைத்தால்

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் சங்கரப்பிள்ளை மண்டபமும், இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் வெள்ளவத்தையில் இருக்கின்றன. பக்கத்துப் பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம். கொழும்பில் தமிழில் பொது உரை என்றால் கால் தானாக நடக்கும் திசை இதுதான். 100, 101 இலக்கப் பஸ்கள் காலி வீதியால் ஓடுகின்றன, கரையோர ரயில் இருக்கிறது, ஊரிலேயே இருப்பவர்கள் நடந்தும் வரலாம்.

இங்கே வரும் சபை வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர், எழுத்தாளர்கள், வாசகர்கள். பேச்சாளர் ஒரு செய்யுளின் முதலடியைச் சொன்னால் இரண்டாம் அடியைச் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள். தவறான ஆண்டைச் சொன்னால் திருத்துவார்கள். இந்தச் சபைக்கு முன் நிற்பது பேச்சாளருக்கு மரியாதை, பரீட்சையும்கூட. நினைவுப் பேருரை, நூல் பற்றிய உரை, மொழி வரலாறு, சமய மெய்யியல் போன்றவற்றுக்கு வெள்ளவத்தையை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை.

ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரில் உரையை அறிவித்துவிட்டு மாணவர் பத்துப் பேரும் இல்லாத சபையைப் பார்ப்பது இங்கேதான். வளாகத்திலிருந்து வெள்ளவத்தை சுமார் நான்கு கிலோமீற்றர்தான். தூரம் சின்னது, கிழமைதான் தடை. ஞாயிற்றுக்கிழமை மாணவர் ஊரில் இருப்பார்கள், அல்லது தனியார் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, வத்தளைப் பக்கத்துத் தமிழர்களையும் இங்கே மாலையில் எதிர்பார்க்க வேண்டாம். கொழும்புத் தமிழர் என்றாலே வெள்ளவத்தை என்று எண்ணி வட கொழும்பை மறப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை ஒரு பல்கலைக்கழகச் சங்கமாவது விட வேண்டும்.

நாட்களிலும் இடறல் உண்டு. ஆடிவேல் விழா ஊர்வல நாட்களில் காலி வீதி நகராது. வெசாக் வாரத்தில் பௌத்தாலோக மாவத்தை இரவில் மக்கள் வெள்ளம். அது வளாகத்துக்கும் இடைஞ்சல். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரே நேரத்தில் இரண்டு நூல் வெளியீடும் ஒரு நினைவு நிகழ்வும் இருப்பது சாதாரணம். வரக்கூடிய வாசகர் வட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். திகதி வைக்குமுன் மற்ற மண்டபங்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து அன்று என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வாடகை பேசும்போது தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்: ஒலிவாங்கி எத்தனை, ஒலி இயக்குநர் சேர்த்தா தனியாகவா, குளிரூட்டி மணிக் கணக்கா, மின்பிறப்பாக்கி உண்டா, எத்தனை மணிக்குத் திறந்து விடுவார்கள், வைப்புப் பணம் எப்போது திரும்பும். வாடகை குறைவான மண்டபம் இந்தக் கணக்கில் விலை கூடியதாகிவிடும்.

ஒரு சின்ன வசதியையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் செல்லும் தனியார் சொகுசு பஸ்கள் இரவில் வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுகின்றன. வடக்கிலிருந்து வரும் பேச்சாளர் உரையை முடித்து, சாப்பிட்டு, இறங்கி நடந்தே பஸ் ஏறலாம்.

இணையவழியும் இரட்டை வழியும்

முழுக்க இணையத்தில் வைப்பதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். வெளிநாட்டுப் பேச்சாளர், நாடு முழுக்கச் சிதறிய சபை, ஆழமான ஆனால் சிறிய தலைப்பு என்றால் அதுவே சிறந்தது. நேரக் கணக்கை மட்டும் முதலில் போடுங்கள். கொழும்பில் இரவு 7.30 என்றால் கோடையில் லண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி, சிட்னியில் நள்ளிரவு. குளிர்காலத்தில் லண்டனும் ரொறன்ரோவும் இன்னும் ஒரு மணி பின்னுக்குப் போகும். அவுஸ்திரேலியரையும் கனடாக்காரரையும் ஒரே உரைக்குக் கூப்பிட முயன்றால் ஒருவர் தூக்கத்தை இழப்பார். சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடமும் 100 பேரும்தான் எல்லை. கேள்வி நேரம் தொடங்கும்போது திரை அணைந்த உரைகள் ஏராளம். ஒரு மாதத்துக்காவது கட்டணக் கணக்கு எடுங்கள்.

இணையத்தில் 45 நிமிட உரை நீளம். 30 நிமிடம் பேசி 30 நிமிடம் கேள்வி எடுத்தால் ஆட்கள் நிற்பார்கள்.

சிக்கல் இரட்டை வழியில். மண்டபத்திலும் சபை, இணையத்திலும் சபை என்பது கேட்கச் சுலபம். செய்யும்போது அது இரண்டு நிகழ்ச்சி. மண்டபத்தைப் பார்க்க ஒரு குழு, இணையத்தைப் பார்க்கக் குறைந்தது இரண்டு பேர்: ஒருவர் படமும் ஒலியும், ஒருவர் கேள்விகள். இந்த இருவரும் உரையைக் கேட்க முடியாது என்பதை அவர்களுக்கே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியை நம்பி மேடைக்குக் கீழே வைத்தால் வீட்டிலிருந்து கேட்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல்தான் கேட்கும். மண்டப ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து கம்பி எடுத்து, யூஎஸ்பி ஒலி இடைமுகம் வழியாகக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியும் சரியான கம்பியும் மண்டபத்தில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். இணையத்திலிருந்து ஒருவர் கேள்வி கேட்கும்போது அவர் குரல் மண்டபப் பெட்டியில் வந்து, மேடை ஒலிவாங்கியில் ஏறி, அவருக்கே திரும்பிப் போகும். அந்த நேரத்தில் மேடை ஒலிவாங்கியை அணைக்க ஒருவர் கைவைத்தபடி நிற்க வேண்டும். இல்லையென்றால் இணையக் கேள்விகளை எழுத்தில் வாங்கி நெறியாளர் வாசிப்பதே நல்லது.

நேரலைக்கு 720p படத் தரத்தில் விநாடிக்கு 3 தொடக்கம் 4 மெகாபிற் ஏற்றும் வேகம் தொடர்ந்து வேண்டும். 4 மெகாபிற் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிகாபைற் டேட்டா செலவாகும், இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு 3.6. வேகத்தைச் சோதிப்பதென்றால் முதல் நாள் அதே மணிக்கு, அதே மண்டபத்துக்குள் நின்று சோதியுங்கள். காலை 10 மணிக்குப் பறக்கும் இணைப்பு மாலை 6 மணிக்குத் தவழும். யூடியூபில் முதன்முறையாக நேரலை வைக்கும் கணக்கு செயற்பட 24 மணி நேரம் வரை எடுக்கும். நிகழ்ச்சி நாளன்று மதியம் கணக்குத் திறந்தால் வேலைக்காகாது.

எங்கள் முடிவு இது: பழகிய இரண்டு பேரும் ஒலி இடைமுகமும் இல்லாத சங்கம் இரட்டை வழியைத் தொடவே வேண்டாம். நன்றாக ஒலிப்பதிவு செய்து, மூன்று நாளுக்குள் யூடியூபில் ஏற்றுங்கள். இடறி இடறிப் போன நேரலையை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. தெளிவான பதிவைப் பார்க்கிறார்கள். 1897 ஜனவரி 16ஆம் திகதி கொழும்பு ஃபுளோரல் ஹோலில் விவேகானந்தர் ஆற்றிய உரையையும் அந்தப் பயணத்தின் மற்ற உரைகளையும் இன்று நாம் வாசிக்க முடிவது, கூடவே வந்த சுருக்கெழுத்தாளர் குட்வின் போன்றவர்கள் எழுதியெடுத்ததால். அன்று சபையில் இருந்தவர்கள் ஒரு மண்டபம் அளவுதான்.

மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி வைத்து, பேச்சாளரை மட்டும் திரையில் காட்டுவது நாலாவது வகை. அதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். பஸ் ஏறி வந்தவர் வீட்டில் இருந்தே பார்த்திருக்கலாமே என்று அரை மணிக்குள் நினைக்கத் தொடங்குவார்.

பேச்சாளர் எங்கிருந்து?

இடத்தோடு சேர்ந்தே முடிவாக வேண்டியது இது. கொழும்பிலேயே இருப்பவரை அழைத்தால் செலவு ஓட்டோக் கட்டணம். ஆனால் 'அவரை எப்போதும் கேட்கலாம்' என்று சபை அசட்டையாக இருக்கும். தலைப்பு புதிதாக இருந்தால் மட்டும் அது தீரும்.

யாழ்ப்பாணம் வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் வந்து விடிகாலை இறங்கியவரை அன்றே மேடையேற்றாதீர்கள். ஒரு இரவு தங்க அறை கொடுங்கள். அதை விருந்தோம்பல் என்று மட்டும் பார்க்கக் கூடாது: நித்திரை இல்லாதவர் குறிப்பைப் பார்த்து வாசிப்பார், நித்திரை கொண்டவர் சபையைப் பார்த்துப் பேசுவார். மட்டக்களப்பு, ஹற்றன் பேச்சாளர்களுக்கும் இதே கணக்கு. ஹற்றன் வரைபடத்தில் கிட்ட. மலைப்பாதையில் அரை நாள்.

தமிழகத்திலிருந்து அழைப்பதென்றால் சென்னை, திருச்சி, மதுரை மூன்றிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. பயண அனுமதியைச் சுற்றுலா என்று எடுத்துவிட்டு மேடையேறக் கூடாது. கருத்தரங்கு, பட்டறைகளில் பங்குபற்ற இலத்திரனியல் பயண அனுமதியில் வணிக நோக்கம் என்ற வகை இருக்கிறது. அழைப்புக் கடிதத்தை அதற்கேற்ற வாசகத்தோடு எழுதிக் கொடுங்கள். செலவு ஒரு சங்கத்துக்குப் பாரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உள்ள மன்றத்தோடு பங்கு போடுங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கும் விமானம் இருப்பதால் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பேசி, கொழும்பில் பேசித் திரும்பலாம். நவம்பர், டிசம்பரில் புயல் காலம். அந்த மாதங்களில் விருந்தினர் வருகைக்கும் உரைக்கும் இடையே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

செலவில்லாத நல்ல வழி ஒன்று இருக்கிறது. புலம்பெயர்ந்த ஆய்வாளர்கள் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் உறவினரைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறார்கள். மூன்று மாதம் முன்னரே மின்னஞ்சல் அனுப்பி ஒரு மாலை கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வந்திறங்கிய பிறகு கேட்டால் அந்த இரண்டு கிழமையும் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போயிருக்கும்.

எந்த இடமானாலும் உரையைக் கெடுப்பவை

முதலாவது, உரைக்கு முந்திய உரைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விளக்கேற்றல் 10 நிமிடம், தமிழ்மொழி வாழ்த்து 4, வரவேற்புரை 8, தலைமையுரை 20, வாழ்த்துரை இருவர் 20, பேச்சாளர் அறிமுகம் 10. மொத்தம் 72. அழைப்பிதழில் 4.30 என்று போட்டு 4.55க்குத் தொடங்கினால் விருந்தினர் வாய் திறக்கும்போது மணி 6.07. சபையின் உற்சாகம் முழுவதும் செலவான பிறகு அவருக்குக் கிடைப்பது களைத்த கண்கள். இதைச் சொல்ல மனம் நோகிறது. விளக்கேற்றலும் வாழ்த்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை நம் சபையின் முகம். அவற்றை ஏழு நிமிடத்துக்குள் வையுங்கள். வரவேற்பையும் அறிமுகத்தையும் ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் செய்யட்டும். வாழ்த்துரை வேண்டுமென்று கேட்பவருக்கு மலரில் ஒரு பக்கம் கொடுங்கள். தலைமை தாங்குபவர் முன்னால் பேசாமல் உரைக்குப் பின் பேசட்டும்: கேட்டதிலிருந்து இரண்டு கேள்வியை எடுத்து வைத்தால் அதுவே சிறந்த தலைமையுரை. இப்படி வைத்தால் 45 நிமிட உரையும் 25 நிமிடக் கேள்வியும் நன்றியுரையும் சேர்த்து ஒன்றரை மணிக்குள் அடங்கும்.

பொன்னாடையைக் கடைசியில் போர்த்துங்கள். சட்டையில் குத்திய ஒலிவாங்கிக்கு மேல் பொன்னாடை விழுந்தால் உரை முழுக்கச் சரசரப்புத்தான் பதிவாகும். அந்த ஒலிவாங்கி நாடிக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சங்கிலி, சேலைக் கரை உரசக் கூடாது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் பேச்சாளருக்கு முன்னால் சபையை நோக்கி நிற்க வேண்டும். பின்னால் நின்றால் அவர் குரல் பெட்டியிலிருந்து ஒலிவாங்கிக்குத் திரும்பி ஊளையிடும். மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போட்டால் பதிவில் காற்றிரைச்சல் மட்டும் மிஞ்சும். பற்றரி அன்று காலை வாங்கியதாக இருக்கட்டும்.

ஸ்லைட்டுகளில் நம் நாட்டில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை: யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு. பேச்சாளர் பாமினியில் தட்டச்சுச் செய்து கொண்டுவந்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். இரண்டு நாளுக்கு முன்பே, கோப்பு உருவான அதே கணினியிலிருந்து பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். யூனிகோட் கோப்பானாலும் பிடிஎஃப் கேளுங்கள். கொம்பும் காலும் இடம் மாறிய பக்கத்தை மண்டபத்தில் வைத்துத் திருத்த முடியாது. எழுத்தளவு 28க்குக் குறைந்தால் பின்வரிசைக்கு ணகரமும் னகரமும் ஒன்றுதான்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்பவர் கையில் கொடுக்காதீர்கள். தொண்டர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும். கையில் கொடுத்தால் இரண்டாவது உரை தொடங்கும். கதிரைகளில் முன்கூட்டியே கேள்விச் சீட்டு வையுங்கள். எழுந்து நின்று பேசக் கூச்சப்படும் முதலாம் ஆண்டு மாணவி எழுதும் கேள்விதான் பல உரைகளில் பேச்சாளரை உண்மையில் யோசிக்க வைக்கிறது. வளாகத்தில் சிங்கள மாணவர் வருவதானால் உரையின் ஒரு பக்கச் சுருக்கத்தைச் சிங்களத்தில் அச்சடித்துக் கொடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 45 நிமிட உரை 90 நிமிடமாகும். இரண்டு சபையும் களைக்கும்.

பதிவுக்கு முன் பேச்சாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விரிவுரை போன்ற வாய்மொழி ஆக்கங்களையும் பாதுகாக்கிறது. நான்கு வரி போதும்: பதிவுசெய்ய, யூடியூபில் ஏற்ற, எழுத்தாக்கி மலரில் போட, நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்க. யூடியூப் கணக்கின் கடவுச்சொல் அடுத்த ஆண்டுக் குழுவுக்குப் போய்ச் சேராமல் பதிவுகள் தொலைவது சங்கங்களில் அடிக்கடி நடக்கிறது. ஆவணகத்தில் ஒரு பிரதி இருந்தால் அந்த அச்சம் இல்லை.

எப்போது எதை?

மாணவர் கேட்க வேண்டிய உரை, அதாவது ஆய்வு முறை, சட்டம், பொருளாதாரம், தொழில் வழிகாட்டல் போன்றவை என்றால் வளாகம், வியாழன் 2 மணி, நூறு பேர் மண்டபம், ஒலிப்பதிவு. நினைவுப் பேருரையும் இலக்கியமும் என்றால் வெள்ளவத்தை, சனிக்கிழமை 5 மணி. மூன்று நான்கு பேரைத் தொடராகக் கேட்க வேண்டும், பணமும் இல்லை என்றால் இணையம். மாதங்களில் பெப்ரவரியும் ஓகஸ்டும் நல்லவை: முன்னதில் மழை குறைவு, பின்னதில் வெளிநாட்டிலிருந்து ஆள் கிடைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு மழை கொட்டும். நாலரை மணி மழை பாதிச் சபையை வீட்டிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் பேச்சாளர் வெளியூரிலிருந்து வருகிறார், இரண்டு மூன்று நாள் இருக்க முடியும் என்றால் இந்த ஒப்பீட்டையே தள்ளி வையுங்கள். ஒரே ஆளை இரண்டு முறை பேசச் சொல்லுங்கள். வியாழன் பிற்பகல் வளாகத்தில் மாணவருக்கு, அவர்கள் பாடத்தோடு ஒட்டிய பகுதியை நாற்பது நிமிடம். வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் பொதுச் சபைக்கு முழு உரை. பயணச் செலவு ஒன்றுதான். கூடுவது இரண்டு இரவுத் தங்கலும் ஒரு மண்டப வாடகையும். வியாழன் கேட்ட மாணவரில் ஐந்தாறு பேராவது சனிக்கிழமை பஸ் ஏறி வருவார்கள், அவர்களை முன்வரிசையில் இருத்துங்கள். ஏழு மணிக்கு முடித்து, பேச்சாளரோடு எல்லோரும் இருந்து சாப்பிட்டு, யாழ்ப்பாண பஸ்ஸுக்கு அவருடைய பையை அந்த மாணவர்களே தூக்கிக்கொண்டு போகட்டும்.